எந்த வழியில் வந்த முகவரி?

கைத்தறிப் புடவைகளை இணையத்தில் விற்கும் ஒரு சிறு நிறுவனத்தில் மின்னஞ்சல் பட்டியலைக் கவனிப்பது என் வேலை. தியாகராய நகரில் பாண்டி பஜாருக்குப் பின்புறம் ஒரு மாடியில் கிடங்கு, புடவைகளை மடித்துப் பொதி கட்டும் நீண்ட மேசை, பில் போடும் கணினி, அதை ஒட்டி என் இடம். வாடிக்கையாளர் படியேறி வந்து புடவையைத் தொட்டுப் பார்க்கும் கடை இங்கே கிடையாது. இதே தொழிலில் இருப்பவர்கள் என்னைச் சந்தித்தால் முதலில் கேட்பது, பட்டியலில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைத்தான். அந்த எண்ணை வைத்து எங்கள் வருமானத்தைக் கணிக்க முடியாது. ஒவ்வொரு முகவரியும் எந்த வழியாக எங்களிடம் வந்தது என்று தெரிந்தால் ஓரளவு கணித்துவிடலாம். அதனால்தான் எங்கள் பட்டியலில் பெயர், முகவரி, ஊர் ஆகியவற்றுக்கு அடுத்தாற்போல் ‘வந்த வழி’ என்றொரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டம் காலியாக இருக்கும் முகவரிக்கு நான் மடல் அனுப்புவதில்லை.

சென்னையில் மின்னஞ்சலை யார் பார்க்கிறார்கள், எல்லாம் வாட்ஸ்ஆப்தானே என்ற கேள்வி நியாயமானது. வாட்ஸ்ஆப்பில் விளம்பரச் செய்திகளுக்கு மெட்டா கட்டணம் வாங்குகிறது. குறுஞ்செய்தி என்றால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018இல் கொண்டுவந்த விதிமுறைகளின்படி அனுப்புநர் பெயரையும் செய்தியின் மாதிரி வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். இன்ஸ்டாகிராமிலோ, நம்மைப் பின்தொடர்பவர்களில் யாருக்கு நம் பதிவைக் காட்டுவது என்பதை அந்த நிறுவனம்தான் முடிவு செய்கிறது. இவற்றை நாங்களும் பயன்படுத்துகிறோம். ஆனால் மடல் அனுப்பும் சேவை பிடிக்கவில்லை என்றால் முகவரிகளை ஒரு கோப்பாக இறக்கி, மறுநாளே இன்னொரு சேவையில் ஏற்றிக்கொண்டு வேலையைத் தொடரலாம். இன்ஸ்டாகிராம் கணக்கு முடங்கினால் அப்படிச் செய்ய வழியில்லை. தவிர, விலை உயர்ந்த பட்டுப்புடவையை ஒருவர் செய்தியைப் பார்த்த கையோடு வாங்கிவிடுவதில்லை. படிக்கிறார், மகளுக்கு அனுப்பிக் கேட்கிறார், சம்பந்தி வீட்டில் என்ன நிறம் எடுக்கிறார்கள் என்று விசாரிக்கிறார், சில வாரங்கள் கழித்து அதே மடலைத் தேடி எடுக்கிறார். தேடினால் கிடைக்கிற இடத்தில் நாம் இருக்க வேண்டும்.

நாங்கள் அடைத்துவைத்திருக்கும் வழி ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊர், வயது, வருமானம் என்று வகை பிரித்து லட்சக்கணக்கான முகவரிகளை எக்செல் கோப்பாக விற்பவர்கள் தீபாவளிக்கு முன்பு தவறாமல் தொலைபேசியில் அழைப்பார்கள். விலை மலிவுதான். ஆனால் அப்படிப்பட்ட கோப்புகளில் செத்த முகவரிகளோடு ஸ்பேம் பொறிகளும் கலந்திருக்கும். யாரும் பயன்படுத்தாமல் கைவிட்ட முகவரிகளைச் சில காலம் மூடிவைத்து, பிறகு பொறியாகத் திறந்துவைப்பது ஸ்பேம் தடுப்பு அமைப்புகள் கையாளும் முறைகளில் ஒன்று; அங்கே மடல் வந்து விழுந்தால், அனுப்பியவர் அனுமதி பெறவில்லை அல்லது பட்டியலைச் சுத்தம் செய்யவில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு நம் டொமைனின், அதாவது நம் மடல்கள் புறப்படும் இணையப் பெயரின், மதிப்பு கெட்டு, விளம்பர மடல் மட்டுமல்லாமல், பணம் கட்டியவருக்குப் போகும் பில்லும் கூரியர் விவரமும்கூட ஸ்பேமில் விழத் தொடங்கும். பணம் போய்விட்டது, பில் வரவில்லை என்றால் வாடிக்கையாளர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்தக் கோப்பை இலவசமாகக் கொடுத்தாலும் எங்களுக்குக் கட்டுப்படியாகாது.

கண்காட்சிகளில் சேரும் முகவரிகள் வேறு வகை. ஆடியிலும் தீபாவளிக்கு முன்பும் சென்னையின் மண்டபங்களில் நடக்கும் கைத்தறிக் கண்காட்சிகளில் எங்களுக்கும் ஒரு மேசை இருக்கும். ஒரு கையில் பையும் மறுகையில் குழந்தையுமாக நின்றுகொண்டு சீட்டில் எழுதுகிறவரின் எழுத்தில் ஆங்கில எல்லுக்கும் எண் ஒன்றுக்கும் வேறுபாடு தெரியாது. ‘காம்’ என்பது ‘கான்’ ஆகியிருக்கும். ஆகவே சீட்டை எடுத்துவிட்டு டேப்லெட்டில் அவரையே தட்டச்சு செய்யச் சொல்கிறோம். அவர் மேசையை விட்டு நகர்வதற்குள் உறுதி செய்யும் மடல் அவருடைய போனுக்குப் போய்விடுகிறது. அதில் உள்ள இணைப்பை அழுத்தினால்தான் பெயர் பட்டியலில் ஏறும். இதனால் எண்ணிக்கை குறைகிறது என்பது உண்மைதான். குறைந்துபோகிறவர்கள் பெரும்பாலும், நாளை நம் மடலைப் பார்த்து ‘இவர்கள் யார்?’ என்று கேட்கக்கூடியவர்கள். பில்லுக்காகக் கொடுத்த முகவரியை விளம்பரத்துக்கும் சேர்த்துக்கொள்ளும் வழக்கத்தையும் நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை; அதற்குத் தனியே ஒரு கட்டம், அதில் அவரே குறியிட வேண்டும். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தெளிவான சம்மதத்தைத்தான் கேட்கிறது. சம்மதம் கொடுத்தது எவ்வளவு எளிதோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது.

இணையதளத்தைத் திறந்தவுடன் குறுக்கே வந்து நிற்கும் ‘முகவரி கொடுங்கள், பத்து சதவீதத் தள்ளுபடி’ என்ற பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தள்ளுபடிக்கு வந்தவர் தள்ளுபடியோடு போகிறார்.

நிலைத்து நின்று வாங்குபவர்களை எங்களுக்குக் கொண்டுவந்த வழி, புடவை விற்பனையோடு நேரடியாகத் தொடர்பே இல்லாத ஒரு சிறு கையேடு. ‘உங்கள் வீட்டுப் பழைய பட்டுப்புடவையின் ஜரிகை எத்தகையது?’ என்பது அதன் தலைப்பு. அசல் ஜரிகையில் நடுவே சிவப்புச் சாயமிட்ட பட்டு இழை இருக்கும். அதைச் சுற்றித் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பி, அதன் மேல் தங்க முலாம். முந்தானையின் உட்புறம் வெட்டிவிட்ட நூல்நுனி ஒன்றை நகத்தால் மெல்லச் சுரண்டினால் சிவப்பு எட்டிப்பார்க்கும். உள்ளே செம்பு நிறக் கம்பி தெரிந்தால் அது வேறு தரம். கம்பியே இல்லாமல் மினுமினுக்கும் பாலியஸ்டர் பட்டையாக உரிந்து வந்தால் அது முற்றிலும் போலி. பட்டுப்புடவையை வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றிவைக்க வேண்டும், நாப்தலின் உருண்டை ஜரிகையில் படக்கூடாது, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றவில்லை என்றால் மடித்த கோட்டிலேயே ஜரிகை ஒடியும் என்பவை எல்லாம் அதில் படங்களோடு இருக்கும். தறிக்காரர் குடும்பத்தில் பிறந்த எங்கள் கிடங்குப் பொறுப்பாளர் சொல்லச் சொல்ல நான் எழுதியது அது. வேண்டுமென்று கேட்பவருக்கு மின்னஞ்சலில் அனுப்புகிறோம், அவ்வளவுதான்.

இந்த வழியில் வருபவர்கள் மடலுக்குப் பதில் எழுதுகிறார்கள். ‘தம்பி, இது என் மாமியாரோட கூறைப்புடவை, படம் அனுப்பியிருக்கேன், ஜரிகை கறுத்துப்போச்சு, ஏதாவது பண்ண முடியுமா?’ என்று மயிலாப்பூரில் இருந்து ஓர் அம்மா எழுதினார். நாங்கள் மெருகேற்றும் வேலை செய்வதில்லை என்றும், வீட்டிலேயே எதையாவது தடவித் தேய்த்துவிட வேண்டாம் என்றும் பதில் அனுப்பினேன். விற்பனைக்கு வழியே இல்லாத பதில்தான். அடுத்த முகூர்த்தக் காலத்தில் அவருடைய பேத்தியின் திருமணப் பட்டு முழுவதும் எங்களிடம் எடுக்கப்பட்டது. பில்லில் இருந்த முகவரியைப் பட்டியலோடு ஒப்பிட்டபோது ‘வந்த வழி’ கட்டத்தில் ‘ஜரிகைக் கையேடு’ என்றிருந்தது. இது ஒருவரோடு நின்ற கதையன்று. ஆண்டு முடிவில் பில்களை வழி வாரியாகப் பிரித்துக் கூட்டும்போது, தலைக்கு இவ்வளவு ரூபாய் என்ற கணக்கில் கையேட்டுக்காரர்கள்தான் முதலில் நிற்கிறார்கள். தள்ளுபடிப் பெட்டி வழியே வந்தவர்கள் எண்ணிக்கையில் அதிகமாக இருந்தும் வெகுதூரம் பின்னால் இருக்கிறார்கள். மடல் அனுப்பும் சேவைகள் பல, பட்டியலில் இருக்கும் தலைகளை எண்ணித்தான் மாதக் கட்டணம் வாங்குகின்றன. எனவே வாங்காதவருக்கும் நாங்கள்தான் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

2024 பிப்ரவரியில் ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக மடல் அனுப்புவோருக்கான விதிகளைக் கடுமையாக்கியபோது இந்த வட்டாரத்தில் பலரும் பதறினார்கள். நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புபவர் மடல் உண்மையிலேயே அவரிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய மூன்று அடையாளச் சான்றுகளையும் தம் டொமைனில் பதிந்திருக்க வேண்டும். விளம்பர மடலில் இருந்து ஒரே சொடுக்கில் விலகும் வசதி வேண்டும். ஸ்பேம் என்று புகார் செய்பவர்களின் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது, 0.1க்குக் கீழே இருப்பது நல்லது. ஆயிரம் மடல்களுக்கு மூன்று பேர் எரிச்சலில் அந்தப் பொத்தானை அழுத்தினாலே எல்லைக்கு வந்துவிட்டோம் என்று பொருள். தீபாவளி வாரத்தில் எந்தச் சிறு கடையும் அந்த 5,000ஐத் தாண்டிவிடக்கூடும். சான்றுகளைப் பதிவது டொமைனின் விவரங்கள் இருக்கும் டிஎன்எஸ் அமைப்பில் சில வரிகள் சேர்க்கும் வேலை, ஓர் அரை நாளில் முடிந்துவிடும். மனிதர்களின் எரிச்சலைக் குறைப்பதற்கு அப்படி ஒரு வரி கிடையாது.

விலகும் இணைப்பைச் சாம்பல் நிறத்தில், எறும்பு எழுத்தில், மடலின் அடியில் ஒளித்துவைக்கும் பழக்கம் எனக்கு ஒருபோதும் புரிந்ததில்லை. விலக வழி தெரியாதவர் ஸ்பேம் பொத்தானைத்தான் அழுத்துவார். தமிழில் மடல் எழுதுபவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் யூனிகோடு எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் இடம் பிடிக்கிறது, வடிவமைப்பு நிரல்களும் சேர்ந்து மடல் 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் அடிப்பகுதியை வெட்டி மறைத்துவிடும், விலகும் இணைப்பும் அதோடு போய்விடும். எனவே எங்கள் மடலில் அது முதல் வரிக்கு மேலேயே இருக்கிறது. ஓராண்டாக எதையும் சொடுக்காதவர்களுக்குப் பொங்கலுக்கு முன்பு, ‘தொடர விரும்புகிறீர்களா?’ என்று மட்டும் கேட்டு ஒரு மடல் போகும். பதில் இல்லாத பெயர்களை எடுத்துவிடுவேன். போகிக்கு முந்தைய வாரம் இந்த வேலையில் நான் மும்முரமாக இருந்தபோது எங்கள் கணக்காளர் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, “என்ன தம்பி, ஆள் சேர்க்கத்தான உன்னை வச்சிருக்கு? நீ வாசல்ல நின்னு வழியனுப்பிக்கிட்டு இருக்கியே!” என்றார். “போறவங்க புகார் சொல்லாமப் போகணும் சார்” என்றேன். அந்த மாதச் சேவைக் கட்டணம் குறைந்த பில்லைப் பார்த்த பிறகு அவர் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

சொடுக்காதவர்கள் என்று மேலே சொன்னதைக் கவனித்திருக்கலாம். திறக்காதவர்கள் என்று சொல்லவில்லை. 2021இல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த தனியுரிமைப் பாதுகாப்பு, மடலில் உள்ள படங்களை முன்கூட்டியே இறக்கிவைத்துவிடுகிறது. படம் இறங்கியதை வைத்துத்தான் மடல் திறக்கப்பட்டதாகக் கணக்கிடுகிறார்கள் என்பதால், ஐபோன் வைத்திருப்பவர்களில் பலர் படிக்காமலேயே படித்தவர்களாகப் பதிவாகிவிடுகிறார்கள். அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் வாடிக்கையாளர்கள் உள்ள எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கணக்கு இனி உதவாது. சொடுக்கையும், பதிலையும், பில்லையும் மட்டும் பார்க்கிறேன்.

அனுப்பும் நேரம் பற்றி ஏராளமான அறிவுரைகள் உலவுகின்றன. சென்னையில் காலை ஏழு மணி என்றால் சிங்கப்பூரில் ஒன்பதரை, அலுவலகம் தொடங்கும் நேரம். நியூயார்க்கில் முந்தைய நாள் இரவு எட்டரையோ ஒன்பதரையோ, சாப்பாடு முடிந்திருக்கும். மூன்று ஊருக்கும் அது ஒத்துவருகிறது, அதோடு விட்டுவிட்டோம். கடிகாரத்தைவிடப் பஞ்சாங்கம்தான் எங்களுக்கு முக்கியம். மார்கழியில் முகூர்த்தம் இல்லை. ஆனால் கச்சேரி கேட்க வெளிநாட்டுத் தமிழர்கள் சென்னைக்கு வருகிறார்கள், அவர்களுக்கான மடல் கார்த்திகையின் தொடக்கத்திலேயே போக வேண்டும். தை முகூர்த்தத்துக்குப் பட்டு எடுப்பவர்களும் அதே காலத்தில்தான் விலை விசாரிக்கத் தொடங்குகிறார்கள்.

முகூர்த்தப் பட்டு வாங்கியவர்களுக்கு அடுத்து என்ன அனுப்புவது என்பதில் எனக்கும் எங்கள் உரிமையாளர் அம்மையாருக்கும் நீண்ட விவாதம் நடந்தது. திருமணத் தேதி எங்களிடம் இருக்கிறது, ஓராண்டு கழித்து வளைகாப்புப் புடவை என்று ஒரு மடல் தானாகப் போகும்படி செய்துவிடலாமே என்றார். வியாபாரக் கணக்கில் அதில் பிழை இல்லை. ஆனால் குழந்தைக்காகக் காத்திருக்கும் ஒரு பெண்ணின் இன்பாக்ஸில், உறவினர்கள் கேட்கும் கேள்வியையே ஒரு கடையும் வந்து கேட்பதை நான் ஏற்கவில்லை. பிரிந்து போனவர்களும் அந்தப் பட்டியலில் இருக்கக்கூடும் என்று சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, “சரி, அவங்களே சொன்னா அனுப்பு” என்றார். இப்போது திருமணப் பட்டு வாங்கியவர்களுக்குச் சில மாதங்கள் கழித்து மடிப்பு மாற்றச் சொல்லும் பராமரிப்பு மடல் மட்டும் போகிறது. அதன் அடியில், அடுத்து வீட்டில் என்ன விசேஷம் என்று விருப்பமுள்ளவர்கள் குறிப்பிட ஓர் இடம் விட்டிருக்கிறோம். பெரும்பாலானவர்கள் அதை நிரப்புவதில்லை. நிரப்பியவர்களைத் தனிப் பட்டியலாகப் பிரித்து, ‘வந்த வழி’ கட்டத்தில் ‘அவரே சொன்னது’ என்று போட்டுவைத்திருக்கிறேன். ஆவணி முகூர்த்தங்களுக்கான முதல் மடல் அவர்களுக்குத்தான் போகிறது.