மகளோடு சேர்ந்து ஞானஸ்நானம்: லெந்து நாட்குறிப்பு

மார்ச் 9, 2025, ஞாயிறு

மகளின் ஞானஸ்நானத்துக்குத் தேதி கேட்கத்தான் ஆராதனை முடிந்ததும் ஆயரைப் பார்த்தோம். படிவத்தில், தாய் எந்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றவர் என்று ஒரு கட்டம் இருந்தது. அத்தான் என்னைப் பார்த்தார். "எனக்கு ஆகலைங்க ஐயா, நான் இரட்சணிய சேனைப் பிள்ளை" என்றேன். ஆயருக்கு உடனே புரிந்துவிட்டது.

புரியாதவர்களுக்காக எழுதி வைக்கிறேன். இரட்சணிய சேனையும் (சால்வேஷன் ஆர்மி) ஒரு கிறிஸ்தவ சபைதான். ஆனால் சேனையில் ஞானஸ்நானமும் இல்லை, அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தும் இல்லை. 1883இல் சேனையைத் தொடங்கிய வில்லியம் பூத்தே இரண்டையும் நிறுத்தினார். ஜனங்கள் சடங்கை நம்பிக்கொண்டு மனந்திரும்புதலை விட்டுவிடுவார்களோ என்பது அவர் கவலை. குழந்தையைக் கொடியின் கீழ் வைத்து ஜெபித்துப் பிரதிஷ்டை பண்ணுவார்கள். வளர்ந்த பிறகு உறுதிமொழியில் கையெழுத்திட்டு, அதே கொடியின் கீழ் நின்று வீரராக, அதாவது முழு அங்கத்தினராக, சேரலாம். நாகர்கோவிலில் எனக்கு இரண்டும் நடந்தன.

கல்யாணமாகி பெங்களூரு வந்து, லிங்கராஜபுரத்தில் குடியேறி, இந்த சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) தமிழ்ச் சபைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து, திருவிருந்து ஞாயிறுகளில் நான் மட்டும் பெஞ்சிலேயே இருந்துவிடுவேன். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. ஆனாலும் வருத்தமாக இருக்கும்.

"பிள்ளைக்காக வாக்குக் கொடுக்கப் போறீங்க. உங்களுக்காகவும் கொடுக்கலாமே, யோசிச்சுப் பாருங்கம்மா" என்றார் ஆயர். ஆதிச் சபையிலும் ஈஸ்டரை ஒட்டி ஞானஸ்நானம் கொடுத்தார்களாம். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் அதற்கு ஆயத்தப்படும் நாட்களாக இருந்தனவாம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். சரி என்று சொல்லப் போகிறேன்.

மார்ச் 15, சனி

முதல் வகுப்பு. பத்துக் கற்பனைகளும் பரமண்டல ஜெபமும் எனக்குத் தூக்கத்திலும் வரும். சபையார் சேர்ந்து சொல்லும் விசுவாச அறிக்கையான விசுவாசப்பிரமாணம் அப்படியில்லை. சேனைக் கூட்டங்களில் நாங்கள் அதைச் சேர்ந்து சொன்னதில்லை. இங்கே சபையார் மளமளவென்று சொல்லும்போது நான் ஒரு சொல் பின்னால்தான் வருவேன்.

ஆயர் தரங்கம்பாடியைப் பற்றிச் சொன்னார். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706இல் அங்கே வந்து இறங்கினார். மறு ஆண்டு மே மாதம் முதல் ஐந்து பேருக்கு ஞானஸ்நானம் நடந்தது. அந்த ஐவரும் டேனியர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். அவர்களுக்கும் முதலில் உபதேசம்தான், அப்புறம்தான் தண்ணீர். சொந்தமென்று எதுவும் இல்லாதவர்கள் எழுந்து நின்று "விசுவாசிக்கிறேன்" என்று தங்கள் வாயால் சொல்லியிருக்கிறார்கள். அதை நினைத்த பிறகு எனக்கு மனப்பாடம் பண்ணுவது பாரமாகத் தெரியவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

அத்தான் பக்கத்து உறவுக்காரர் ஒருவர் சாப்பிட வந்திருந்தார். விஷயம் கேள்விப்பட்டு, "அப்போ இத்தனை நாள் நீ கிறிஸ்தவளே இல்லையா?" என்றார். மாமிதான், "அவ ஜெபம் பண்ணாத நாள் எது?" என்று பதில் சொன்னார்கள். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அந்தக் கேள்வி சுட்டது. என் தாத்தா குடியை விட்டது, மனந்திரும்புகிறவர்கள் ஜெபிக்கும் சேனையின் கிருபாசனத்தில் முழங்காலிட்ட அன்று. என் அப்பா கேத்தரின் பூத் மருத்துவமனையில் வேலை பார்த்த காலமெல்லாம், டூட்டி முடிந்த பிறகும் வார்டில் நின்று நோயாளிகளோடு ஜெபித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். இவர்களைக் கிறிஸ்தவர்கள் இல்லை என்று சொல்ல வைக்கும் ஞானஸ்நானம் எனக்கு வேண்டாம்.

ஏப்ரல் 5, சனி

அதை அப்படியே ஆயரிடம் சொன்னேன். அவர் மறுப்பாக எதுவும் பேசவில்லை. அப்போஸ்தலர் பத்தாம் அதிகாரத்தைத் திறந்து என்னையே வாசிக்கச் சொன்னார்.

ரோம நூற்றுக்கு அதிபதி கொர்நேலியுவின் வீடு. பேதுரு இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே கேட்டவர்கள் எல்லார்மேலும் பரிசுத்த ஆவி இறங்கிவிடுகிறார். தண்ணீர் கிட்டேகூட வரவில்லை. "ஆவியைப் பெற்றாயிற்று, இனித் தண்ணீர் எதற்கு" என்று பேதுரு சொல்லியிருக்கலாம். அவரோ, நம்மைப்போல ஆவியைப் பெற்ற இவர்களுக்குத் தண்ணீரை யாராவது விலக்கலாமா என்று கேட்கிறார். முன்னே நடந்தது மெய் என்பதால்தான் ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்கிறார்.

எத்தனையோ முறை வாசித்த அதிகாரம். என் வீட்டுக் கதை அதில் இருப்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

இன்னொன்றையும் ஆயர் தெளிவாக்கினார். ஞானஸ்நானம் ஒன்றே, இரண்டாம் முறை கிடையாது. அதனால்தான் என் பிரதிஷ்டையில் தண்ணீர் உண்டா என்று அவ்வளவு விசாரித்திருக்கிறார். முழுக்கும் உண்டு, தெளிப்பும் உண்டு, எது வேண்டும் என்றும் கேட்டார். ஞானஸ்நானத் தொட்டியே போதும் என்றேன். மகளுக்கும் எனக்கும் ஒரே தண்ணீராக இருக்கட்டும்.

ஏப்ரல் 10, வியாழன்

அப்பாவிடம் போனில் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஞானஸ்நானம் எடுக்கக் கூடாதுன்னு சேனை சொல்லல மக்களே. அது இல்லாமலும் இரட்சிப்பு உண்டுன்னுதான் சொல்லுது. சிலுவையில தொங்கின கள்ளனுக்கு யாரு தண்ணி ஊத்துனா?" என்றார்.

"தெரியும்ப்பா. இரட்சிப்பு கிடைக்கலன்னு நான் போகல. கிடைச்சதுனாலதான் போறேன்" என்றேன். கொர்நேலியு கதையைச் சொன்னேன். அப்பாவுக்குத் தெரியாத வேதமா? முழுவதும் கேட்டுவிட்டு, "யூனிஃபார்ம்ல வரலாமான்னு ஆயர்ட்ட கேளு" என்றார். போனை வைத்ததும் அழுகை வந்துவிட்டது.

ஏப்ரல் 19, சனி

காலை நாகர்கோவில் ரயிலில் அப்பா வந்துவிட்டார். சேனையின் வெள்ளைச் சீருடையை அவரே இஸ்திரி போட்டார். மகளின் கவுன் மாமி தைத்தது. எனக்கு வெள்ளைப் புடவை.

ஆயர் வந்து கேள்வி பதிலை ஒருமுறை சொல்லிப் பார்க்க வைத்தார். பிசாசையும் அவன் கிரியைகளையும் விட்டுவிடுகிறாயா, கிறிஸ்துவை ஆண்டவராக ஏற்கிறாயா என்ற கேள்விகளுக்கு முதலில் எனக்காகப் பதில் சொல்வேன். மகள் முறை வரும்போது அத்தானும் ஞானப் பெற்றோரும் என்னோடு சேர்ந்து சொல்வார்கள். பேராயர் வந்து என் தலையில் கைவைத்துத் திடப்படுத்தின பிறகே திருவிருந்து. அதுவரை பெஞ்சில் காத்திருப்பதில் எனக்கு வருத்தமில்லை.

நாளை வேத வாசிப்பு அப்பாவுடையது, ஆயரே கேட்டுக்கொண்டார். அப்போஸ்தலர் பத்து, 34 முதல் 48 வரை. பக்கத்து அறையில் சத்தமாக வாசித்துப் பழகிக்கொண்டிருக்கிறார்.