பட்டாவில் இருக்கும் பாடம்

மாநிலக் கல்விக் கொள்கை 2025 ஆகஸ்டில் வெளியானதிலிருந்து எங்கள் ஸ்டாஃப் ரூமில் சிலபஸ் பேச்சு ஓயவில்லை. 2018-19இல் 1, 6, 9, 11 வகுப்புகளுக்குப் புதுப் புத்தகம் வந்தபோதும் இப்படித்தான் இருந்தது. அப்போது க்யூஆர் கோடு பெரிய அதிசயம். சமூக அறிவியல் நடத்துகிற எனக்கு அப்போதும் இப்போதும் கவலை ஒன்றுதான்: இன்னும் எத்தனை பக்கம் கூடும்?

எதைச் சேர்க்கலாம் என்று கேட்டால் போதும், ஆளுக்கொரு ராஜாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். தருமபுரிக்காரர்களுக்குக் கேட்கவே வேண்டாம், அதியமான் இருக்கிறார், நெல்லிக்கனி இருக்கிறது. எனக்கு ராஜாக்களோடு சண்டை இல்லை. என் மனக்குறை ரயத்துவாரி பற்றியது.

எட்டாம் வகுப்பில் அது வருகிறது. வெள்ளைக்காரர் காலத்தில் நிலவரி வசூலித்த விதம்: நிலையான நிலவரி, மகல்வாரி, ரயத்துவாரி என்று மூன்று முறைகள். 1820, தாமஸ் மன்றோ. பிள்ளைகள் வேறுபாட்டு அட்டவணை போட்டு மனப்பாடம் செய்கிறார்கள். சரி, மதிப்பெண் வந்துவிடும். ஆனால் அந்த முறை எங்கே நடைமுறைக்கு வந்து பழகியது? இதே தருமபுரி மண்ணில்! 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகாலைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர் வட்டாரம்தான் அது. கேப்டன் ரீட் பொறுப்புக்கு வந்தார். அவருக்குக் கீழே உதவியாளராக வந்த இளம் ராணுவ அதிகாரிதான் மன்றோ. 1799 வரை இங்கே ஊர் ஊராகப் போய் நிலத்தை அளந்து, புலத்துக்குப் புலம் தீர்வை, அதாவது நிலவரி, போட்டார்கள். நடுவில் ஜமீன்தார் கிடையாது, குடியானவனும் சர்க்காரும் நேருக்கு நேர். 1820இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தபோது மன்றோ அதையே மாகாணம் முழுக்கப் பரப்பினார். இது தெரியாமலேயே பென்னாகரத்துப் பிள்ளை மன்றோவை மனப்பாடம் செய்து முடித்துவிடுகிறது.

போன வருஷம் அந்தப் பாடம் வந்தபோது, வீட்டில் பட்டா இருந்தால் ஜெராக்ஸ் எடுத்து வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலை கேட் அருகே ஒரு அப்பா நின்றுகொண்டிருந்தார். "எதுக்குங்க சார் பட்டாவ கேக்கறீங்க? லோன் எதனா தர்றாங்களா?" பாடத்துக்குத்தான் என்று சொன்னேன், நம்பவில்லை. ஜெராக்ஸை மட்டும் தந்துவிட்டு, கையெழுத்து ஏதும் போட மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனார். நிலம் என்றால் எங்கள் பக்கம் அவ்வளவு உஷார்.

கம்ப்யூட்டர் பட்டாவைப் பார்த்திருப்பீர்கள். புல எண், உட்பிரிவு, புன்செய், நன்செய், ஒவ்வொன்றுக்கும் கீழே பரப்பு, பக்கத்தில் தீர்வை. ஒரு பையனின் தாளில் 40.5 ஏர் புன்செய், அதாவது ஒரு ஏக்கர். தீர்வை ஒரு ரூபாய்ச் சொச்சம். "ஒரு ரூபாயா சார்? ஒரு முட்டாய்க்காசு!" என்று சிரித்தான். அந்தக் கட்டம் ஏன் இன்னும் அந்தத் தாளில் இருக்கிறது, அந்தக் காலத்தில் தீர்வை எவ்வளவு கனமாக இருந்திருக்கும், மழை பொய்த்த வருஷம் என்ன செய்திருப்பார்கள் என்று பேச்சு நீண்டு, பெல் அடித்ததே தெரியவில்லை.

ஆனால் வகுப்பில் பாதிப் பேர் வெறுங்கையோடு வந்திருந்தார்கள். "எங்களுக்கு நெலம் இல்ல சார்" என்றாள் ஒரு மாணவி. அவள் அப்பா பெங்களூரில் கட்டட வேலை. அடுத்த பீரியட் முழுக்க அதிலேயே போனது. தீர்வை கட்டியவர் பேரில் பட்டா, சரி. அந்த நிலத்தில் உழுது களையெடுத்த கூலியாள் எந்தக் கட்டத்தில் இருக்கிறார்? வேறுபாட்டு அட்டவணையில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. எனக்கு அந்த வருஷத்தின் நல்ல வகுப்பு அதுதான்.

அதற்காகப் புத்தகத்தில் "பாராமகால்" என்று தனிப்பாடம் வையுங்கள் என்று கேட்கவில்லை. 38 மாவட்டம், ஆளுக்கொரு பாடம் என்றால் புத்தகத்தைத் தூக்க மாட்டுவண்டி வேண்டும். அச்சில் ஏறிய தகவலும் நிலைத்து நிற்காது. மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பு 4200 ஆண்டு பழையது என்று 2022இல் அறிவித்தார்கள், கிருஷ்ணகிரி மாவட்டமே பூரித்தது. 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை அதைத் தாண்டி 5300 என்று போய்விட்டது. புத்தகம் எத்தனை தடவை ஓடிப்பிடிக்கும்?

நான் கேட்பது கற்றல் விளைவுப் பட்டியலில் ஒரு வரி: மாணவர் தன் வட்டாரத்து ஆவணம் ஒன்றையோ இடம் ஒன்றையோ எடுத்து, பாடத்தோடு பொருத்திப் பேசவும் எழுதவும் வேண்டும். ஆவணம் எது என்பதை ஆசிரியரிடம் விட்டுவிடலாம். பாப்பாரப்பட்டிக்காரர் சுப்பிரமணிய சிவாவை எடுக்கட்டும். அரூர் பக்கத்து ஆசிரியர் நீதித்துறைப் பாடத்துக்கு வாச்சாத்தியை எடுக்கட்டும். 1992 ஜூனில் அந்தப் பழங்குடிக் கிராமத்தில் அரசு ஊழியர்கள் நடத்திய கொடுமைக்கு 2011இல் தருமபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த 215 அரசு ஊழியர்களையும் குற்றவாளிகள் என்றது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. எட்டாம் வகுப்பில் முழுக்கச் சொல்ல முடியாதுதான், பக்குவமாகச் சொல்ல வேண்டும். ஆனாலும் மலையடிவாரத்து ஜனங்கள் அத்தனை வருஷம் வழக்கு நடத்தி ஜெயித்ததைவிட நீதிமன்றத்தைப் புரியவைக்க நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

பக்கத்து மேசை சார் உடனே கேட்டார்: "போர்ஷன் யார் முடிப்பது? மார்க் இல்லாததை யார் நடத்துவார்?" நியாயம். வரைபடத்துக்கு மதிப்பெண் இருப்பதால்தான் பத்தாம் வகுப்பில் பிள்ளைகள் வரைபடம் பழகுகிறார்கள். ஆகவே இதற்கும் ஐந்து மதிப்பெண், நான்கு பீரியட். (டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற அண்ணன் அக்காக்கள் கோபிப்பார்கள், அவர்களுக்கு ஒரு வரி விடை வேண்டும். பள்ளிப் புத்தகத்தை அதிகம் அடிக்கோடிடுவது அவர்கள்தானோ என்று எனக்குச் சந்தேகம்.)

ஈடாக எதை வெட்டலாம் என்றால், கையில் பதில் வைத்திருக்கிறேன். கர்நாடகப் போர்களில் ஐரோப்பாவில் போட்ட உடன்படிக்கைகளின் பெயர்கள். 1748 அய்-லா-சப்பேலைத் தூக்கிவிட்டால் பென்னாகரத்தில் ஒருத்தரும் அழமாட்டார்கள். ஸ்ரீரங்கப்பட்டணம் மட்டும் இருக்கட்டும். அதில்தான் நம்மை எழுதிக்கொடுத்தார்கள்.