கன்னத்தில் ஒதுக்கு

மூச்சிரைப்பு முற்றி அப்பாவை அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். நாற்பது வருஷ பீடி. சிஸ்டர் கேட்ட முதல் கேள்வியே, "எந்திரிச்சு எத்தனை நிமிஷத்துல மொத பீடி?"

"அது உள்ள போனாத்தாம்மா எனக்கு வெளிக்கே வரும்."

வார்டே சிரித்தது. சிஸ்டர் சிரிக்காமல் 'அரை மணிக்குள்' என்று குறித்துக்கொண்டார். பழக்கம் எவ்வளவு வேர்விட்டிருக்கிறது என்று அதை வைத்துத்தான் கணக்கிடுவார்களாம். பீடிக்குப் பதிலாக மெல்ல, டாக்டர் 4 மி.கி. நிக்கோட்டின் சூயிங்கம் எழுதினார்.

முதல் மூன்று நாள் அப்பாவோடு இருக்க முடியவில்லை. இட்லித் தட்டைத் தள்ளினார், அம்மாவை வைதார், மலச்சிக்கல் வேறு. மூன்றாம் நாள் ராத்திரி, "ஒண்ணே ஒண்ணுடா, பாத்ரூம்ல வச்சு இழுத்துக்கிறேன்" என்று கெஞ்சினார். வாங்கி வந்தேன். ஆமாம், நான்தான். வாசலிலேயே சிஸ்டரிடம் மாட்டினேன். பக்கத்துக் கட்டில் ஆக்சிஜன் குழாயைக் காட்டி, "ஒரு பொறி போதும் தம்பி" என்றார். பிறகு, "சூயிங்கத்தை எப்படி மெல்றாரு?"

வெற்றிலை மாதிரிதான், அதுவும் டீயோடு. விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். சிஸ்டர் கட்டிலில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்: மெதுவாக மெல்லணும், நாக்கில் சுரீரென்று காரம் ஏறினதும் கன்னத்தில் ஒதுக்கணும், காரம் அடங்கினால் மறுபடி மெல்லணும். இப்படி அரை மணி நேரம். டீ குடித்தால் கால் மணி நேரம் கழித்துத்தான் வாயில் போடணும், இல்லையென்றால் மருந்து கன்னம் வழியே ஏறாது. அத்தனை காசும் மூன்று நாளாக வயிற்றுக்குள் போயிருக்கிறது! இதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம்.

அதற்கப்புறம் அடங்கினார். ஆனால் வார்டுக்குள் பீடியை விடுவது சுலபம். வீட்டுத் தெருமுனையில் டீக்கடை இருக்கிறதே. டிஸ்சார்ஜ் அன்று 1800-11-2356க்குப் போன் போடச் சொன்னார்கள். புகையிலையை விட உதவுகிறவர்களின் எண், புகையிலை உறையிலேயே அச்சடித்திருக்கும் இலவச எண்தான், இத்தனை வருஷத்தில் நான் படித்ததில்லை. தமிழிலேயே பேசினார்கள், பிறகு அவர்களே கூப்பிட்டும் விசாரித்தார்கள். அப்பா என்னிடம் சொல்லாததையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொன்னார், பெரியப்பா சாவு வீட்டில் இரண்டு இழுத்ததையும் சேர்த்து. "பரவால்லங்கய்யா, இன்னைக்கு திரும்ப ஆரம்பிங்க" என்றாராம்.

ஐந்து மாதமாகிறது. டீக்கடையில் அப்பா தலை தெரிந்தால் கடைக்காரர் கை இன்னும் பீடிக்கட்டுப் பக்கம்தான் போகிறது. அப்பா கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு வருகிறார்.