ஆக்ராபீஸ் பாறைகளில் ஒரு காலை

டர்பனிலிருந்து இரண்டு நாள் காரோட்டி, அப்பிங்டன் நகரத்தைத் தாண்டி, தென்னாப்பிரிக்காவின் ஆக்ராபீஸ் அருவிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆரஞ்சு ஆறு 56 மீட்டர் கீழே பள்ளத்தாக்கில் விழும் இடம். பெயருக்குப் பொருளே பேரிரைச்சல் எழும் இடம்தான். இரவு கூடாரத்தில் படுத்தபோது புரிந்தது.

விடிந்ததுமே டாசி என்ற நடைபாதையில் நடந்தோம். வெயில் ஏறிவிட்டால் பாறை தோசைக்கல் மாதிரி காயும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்தும் போதவில்லை. அக்கா சட்டென்று என் கையைப் பிடித்து நிறுத்தினாள். காலடியில் ஒரு தட்டைப் பல்லி: தலை நீலம், முன்னங்கால் ஆரஞ்சு. எவ்வளவு அழகு!

அப்புறம் நிலாப் பாறை உச்சியில் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தோம். இறங்கும் வழியில் ஒரு கோக்கர்பூம் மரம். அதன் கிளையைக் குடைந்துதான் இங்குள்ள பழங்குடிகளான சான் மக்கள் அம்பறாத்தூணி செய்தார்களாம். உரிந்து தொங்கும் பொன்னிறப் பட்டையைத் தொட்டபடி அக்கா வெகுநேரம் நின்றாள்.