பதினோரு தையல்

மார்ச் 3, செவ்வாய்

பதினோரு தையல். சிநேகிதனுக்குத்தான். இருமினாலே இழுக்கிறதாம். "காமெடி எதுவும் அனுப்பிராதீங்கண்ணே" என்று தங்கச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

முப்பத்தைந்து வருஷமாக அவன் தலையில் நான் கட்டியதில் முக்கால்வாசி சிரிப்புதான். மிச்சமுள்ள கால்வாசியை வைத்து இந்த வாரத்தை ஓட்டியாக வேண்டும்.

மார்ச் 4, புதன்

‘ஹவ் டு நேம் இட்’ அனுப்பினேன். ராஜா 1986இல் போட்ட ஆல்பம். பாடல் வரி கிடையாது, வாத்தியம் மட்டும். ஜெர்மன் இசைமேதை பாக்குக்கும் நம்ம தியாகராஜருக்கும் சமர்ப்பணம். வி.எஸ். நரசிம்மன் வயலினை எடுத்துவிட்டால் நர்ஸ் வந்து ஊசி போட்டதுகூடத் தெரியாது என்று கூடவே எழுதினேன். கொஞ்சம் ஓவர்தான்.

இரண்டு டிக். நீலமாகவில்லை.

மார்ச் 5

நீலமாகவில்லை.

மார்ச் 6, வெள்ளி

காலை ஆறரைக்கு நீலம். "கேட்டேன். தூங்கிட்டேன். நல்லாருக்கு." நல்லாயிருந்தது எது, வயலினா தூக்கமா? கேட்கவில்லை.

ரிப்போர்ட்டுக்குப் பத்து நாள் ஆகுமாம்.

மார்ச் 7, சனி

தூக்கம் வரவில்லை. ரெக்கார்டிங் கடை ஞாபகமாகவே இருக்கிறது. நோட்டுத் தாளைக் கிழித்துப் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்துப் போய்க் கேசட்டை வாங்குவோம். அறுபது நிமிஷக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறு பாட்டு, இழுத்துப் பிடித்தால் ஏழு. அவன் பிறந்த நாளுக்கு ஒன்று போட்டுக் கொடுத்தேன். ஏழாவதாக, ஏ பக்கத்துக் கடைசியில், ‘ஜானி’யிலிருந்து ‘காற்றில் எந்தன் கீதம்’. கடைக்காரர் கணக்கு எங்கேயோ பிசகிவிட்டது. ஜானகி சரணத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே டேப் தீர்ந்து, டேப் ரெக்கார்டர் பட்டன் ‘டக்’கென்று மேலே எழும்பும்.

அவன் அந்த ‘டக்’கையும் சேர்த்துத்தான் பாட்டை மனப்பாடம் செய்தான். பின்னால் ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஒரு பெண் மேடையில் அதை முழுசாகப் பாடினாள். சரியாக அந்த இடம் வந்ததும் என் தொடையில் ஒரு தட்டு. நான் திரும்பிப் பார்த்தால், ஒன்றும் தெரியாதவன் மாதிரி மேடையையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இப்போது லிங்க்கில் எல்லாம் முழுசாகத்தான் போகிறது. எதுவரைக்கும் கேட்டான் என்பதுதான் தெரிய மாட்டேன் என்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

‘உதிரிப்பூக்கள்’ பார்த்தேன். முதல் தடவையாக. அவன் இதையெல்லாம் படிக்கிற ஆள் இல்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

நான் எத்தனையோ படத்தைப் பார் பார் என்று அவனைப் பிடுங்கியிருக்கிறேன். அவன் என்னிடம் சொன்னது இந்த ஒன்றுதான், 1991இல். அடுத்த தடவை கேட்டபோது "பாத்துட்டேன்டா" என்றேன். அன்றோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவையாவது "அந்தக் கடைசி ஆத்தங்கரை..." என்று ஆரம்பிப்பான். "என்னமா எடுத்திருக்காருடா மகேந்திரன்" என்பேன் நானும்.

1979 என்று தெரியும். புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து முளைத்தது, அசோக்குமார் ஒளிப்பதிவு, எல்லாம் தெரியும். பொய்யைக் காப்பாற்ற நான் படித்த படிப்புக்குப் படத்தையே நான்கு தடவை பார்த்திருக்கலாம்.

அந்த இரண்டு குழந்தைகளைத்தான் தெரியாமல் இருந்தது. படம் முழுக்க அதுகள்தான். இத்தனை வருஷம் ஆற்றங்கரையைச் சொன்னவன் குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவனுக்கும் இரண்டு. சின்னது எட்டாவது படிக்கிறது.

சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 9

சொல்லவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

பள்ளிக்கூடக் குரூப்பில் ஒரு மகராசன், அவன் பெயரைப் போட்டு, ‘வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும்’ என்று ரோஜாப்பூப் படம் போட்டிருக்கிறான். கீழே பதினெட்டு பேர் கைகூப்பியிருக்கிறார்கள். பதினோரு தையல்டா.

மார்ச் 11, புதன்

அவனே போன் பண்ணினான். குரல் மெலிந்துதான் இருக்கிறது. "அவகிட்ட சொல்லாத. நேத்து நாகேஷ் கதை சொல்ற சீன் பாத்தேன். தலகாணிய வயித்துல வச்சு அமுக்கிக்கிட்டே பாத்தேன்."

‘காதலிக்க நேரமில்லை’. 1964இல் எடுத்தது, இன்னும் கெடாமல் இருக்கிறது. எல்லோரும் நாகேஷைச் சொல்வார்கள். நான் பாலையாவைத்தான் பார்ப்பேன். கதை சொல்கிறவன் என்ன ஆட்டம் வேண்டுமானாலும் ஆடலாம். எதிரே உட்கார்ந்து அந்தப் பயம் பயப்பட ஒரு ஆள் வேண்டாமா? முகத்தில் ஒவ்வொன்றாக வந்து இறங்கும்.

யார் அனுப்பியது என்று கேட்டேன். பக்கத்துக் கட்டில் பெரியவராம். அவர் போனில் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தார்களாம்.

பெரியவர் மேல் எனக்கு ஏன் கோபம் வருகிறது? நல்ல மனுஷராகத்தான் இருப்பார்.

மார்ச் 12, வியாழன்

இரவு பதினொன்றரைக்கு அனுப்பினேன்: "அந்த ரெண்டு பிள்ளைங்கடா."

உடனே நீலம். டைப் செய்கிறான் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது.

"இப்பதான் பாத்தியா நாயே."

மார்ச் 13, வெள்ளி

ஒன்பது தையல் பிரித்தாயிற்று. இரண்டு இன்னும் இருக்கிறதாம். ரிப்போர்ட் வரவில்லை.

நாளை காலை ஐந்தரை பஸ். தங்கச்சி இட்லிப் பொடி கேட்டாள். என் இயர்போனில் இடது காது வேலை செய்யவில்லை. ஆளுக்கொரு காது என்றால் புதுசுதான் வாங்க வேண்டும், வயர் வைத்தது, பஸ் ஸ்டாண்டில் அந்த நேரத்துக்குக் கடை திறந்திருக்குமா