மன்னார்த் தீவு: பியரிலிருந்து பின்னோக்கி

மன்னார் பார்க்கப் போகிறவர்கள் வழமையாகச் செய்வது ஒன்றுதான். பெருநிலத்தோடு தீவை இணைக்கும் தாம்போதியைக் கடந்ததும் கோட்டை, பிறகு பள்ளிமுனைப் பெருக்கமரம் (பேயோபாப்), வழியில் கழுதையோடு ஒரு படம், வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு தலைமன்னார். அங்கே கடலைப் பார்த்து "அந்தா இந்தியா" என்று சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பிவிடுவார்கள். இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கிப் பாருங்கள். இந்தத் தீவின் சரித்திரத்தில் பெரும்பங்கு மேற்கு முனையால் வந்தது, அல்லது மேற்கு முனையால் போனது. வன்னிப் பெருநிலத்தின் பக்கம் அதற்குப் பின்வாசல். விடியவே நேரே முனைக்குப் போய், அங்கிருந்து ஊர் ஊராகத் திரும்பி வந்தால் எது எதனால் நடந்தது என்று தானாகவே விளங்கும். மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு: காலையில் மேற்கே போகும்போதும் மாலையில் கிழக்கே வரும்போதும் சூரியன் முதுகுப்பக்கம்தான் இருக்கும்.

வவுனியாவிலிருந்து ஏ-30 வீதி பறயனாலங்குளத்தில் ஏ-14 வீதியோடு சேர்கிறது. பிறகு மடு றோட், முருங்கன், உயிலங்குளம், தள்ளாடி, தாம்போதி. மன்னார் நகரம் வரை ஏறக்குறைய 80 கிலோமீற்றர், தலைமன்னாருக்கு இன்னும் 30. யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்கள் பூநகரியால் இறங்கி, முழங்காவில், வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை வழியாக ஏ-32 வீதியைப் பிடிக்கலாம். மன்னார் நகரத்திலேயே எரிபொருள் நிரப்புங்கள். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லீற்றருக்குக் குறையாமல் எடுங்கள்; முனையில் நிழலும் இல்லை, கிணற்று நீரும் பல இடங்களில் உவர். தீவின் நல்ல தண்ணீர் உப்புநீருக்கு மேலே மெல்லிய படையாகக் கிடப்பது. அதிகம் இறைத்தால் கீழே இருப்பது மேலே வந்துவிடும். ரயிலில் போவதென்றால் மதவாச்சியிலிருந்து 106 கிலோமீற்றர் பாதை. திருத்த வேலைக்காக அது அடிக்கடி மூடப்படுவதால் முதல்நாளே ஸ்டேசனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தலைமன்னார் என்று ஓட்டோக்காரரிடம் சொன்னால் போதாது. கிராமம் வேறு, பியர் என்கிற இறங்குதுறை வேறு, ஊருமலை வேறு. முதலில் போகவேண்டியது பியருக்கு. வெளிச்சவீடும் ரயில் பாதையின் கடைசி அங்குலமும் அங்கேதான். பழைய இறங்குதுறையின் மரமும் இரும்பும் இற்றுப்போய் நிற்கின்றன. அதன் மேல் ஏறி நடக்கவேண்டாம். கரையின் ஒரு பகுதி கடற்படையின் பொறுப்பில் இருப்பதால் படம் எடுக்கமுன் கேளுங்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும், ட்ரோனை வீட்டில் விட்டுவிடுங்கள்.

இந்த இறங்குதுறை ஏன் வந்தது என்பதற்குப் பதில் கடலின் ஆழத்தில் இருக்கிறது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே கிடக்கிற மணல்திட்டுகள் பெரிய கப்பலை இப்பக்கமிருந்து அப்பக்கம் போகவிடாது. அந்தத் திட்டுகள் மேலாகவே தண்டவாளம் போட்டு இரண்டு நாட்டு ரயிலையும் இணைப்பதைப் பற்றித்தான் முதலில் பேசினார்கள். செலவு கட்டுப்படியாகாததால் இரண்டு பக்கமும் ரயில், நடுவில் கப்பல் என்று முடிவாயிற்று. 1914 பெப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறந்தது. கப்பல் சேவையும் அப்போதே தொடங்கியது. கர்சன், எல்ஜின், ஹார்டிங் என்று வைஸ்ராய்களின் பெயர் தாங்கிய மூன்று நீராவிக் கப்பல்கள். சென்னை எழும்பூரில் ஒரே டிக்கெட் எடுத்து, தனுஷ்கோடியில் கப்பல் ஏறி, இங்கே இறங்கி, எதிரே நிற்கிற ரயிலில் கொழும்புக் கோட்டைக்குப் போய்விடலாம். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறிக் கடற்பயணம் நீண்டது. 1980களில் போர் தொடங்க அதுவும் நின்றது. 1990இல் ரயிலும் நின்றது. இந்தியக் கடனுதவியில் போட்ட புதிய பாதையில் ரயில் மறுபடி பியருக்கு வந்தது 2015 மார்ச் 14 அன்று. கப்பல் வரவில்லை. பாதி திரும்பி வந்த பாதை என்றுதான் இதைச் சொல்லவேண்டும்.

கப்பலுக்கு முந்திய 80 வருடத்தைப் பற்றி இங்கே பலகை எதுவும் பேசாது. 1830களிலிருந்து மலையகத்துக் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தபோது, தமிழ்நாட்டுக் கிராமத்தவர்கள் வள்ளங்களில் இந்தக் கரையில் இறங்கி, வன்னிக் காட்டுக்குள்ளால் மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழிநெடுக ஆட்களை விழுத்தின. இன்று நீங்கள் பஸ்ஸில் கடக்கிற ஏ-14 வீதியின் பெரும்பகுதி அந்த நடைபாதையை ஒட்டித்தான் போகிறது. அவர்களின் பேரப்பிள்ளைகளும் இதே பியரால் திரும்பிப் போனார்கள் என்பது இன்னும் கசப்பான செய்தி. 1964 ஒக்டோபர் 30 அன்று கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. மலையகத்திலிருந்து ரயிலில் வந்து இங்கே கப்பல் ஏறியவர்களில் கணிசமானோர் இந்தியாவை அதற்குமுன் கண்ணால் கண்டதில்லை.

"அந்தா இந்தியா" என்பதையும் ஒருக்கால் சரிபார்த்துக்கொள்ளலாம். கரையில் நிற்கும் ஒருவரின் அடிவானம் 5 கிலோமீற்றர் அளவுதான். தனுஷ்கோடியின் நுனியான அரிச்சல்முனை 30 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைந்த தூரத்தில் இருக்கிறது. பகலில் வெள்ளையாகத் தெரிவது மணல்தீடை, இந்தியக் கரையன்று. தெளிந்த இரவில் மேற்கே சிவப்பு வெளிச்சம் தெரிந்தால் அது இராமேஸ்வரத்துத் தொலைக்காட்சிக் கோபுரமாக இருக்கும். 323 மீற்றர் உயரம் என்பதால் அதன் உச்சி மட்டும் எட்டும். கச்சதீவை இங்கிருந்து தேடவேண்டாம், அது வடக்கே நெடுந்தீவுப் பக்கம். கைபேசியில் வலையமைப்பைத் தானாகத் தேடுகிற வசதியை நிறுத்திவிடுங்கள். இந்தியக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டால் ரோமிங் கட்டணம் ஏறும். இரு நாட்டுக்கும் ஒரே நேரம் என்பதால் கடிகாரத்தைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது.

எல்லைக்கோடு இந்தத் தீடைகளுக்கு நடுவால் போகிறது. பாக்கு நீரிணையிலிருந்து இங்கு வரையான பகுதிக்கு 1974 ஜூனிலும், மன்னார் வளைகுடாப் பகுதிக்கு 1976 மார்ச்சிலும் இரு அரசுகளும் ஒப்பந்தம் செய்தன. கோடு மாறாது, மணல் மாறும். காற்றும் நீரோட்டமும் திரும்பும்போது ஒரு தீடை தாழும், இன்னொன்று வளரும். ஆகவே தீடை பார்க்க ஆசைப்பட்டு ஒரு மீனவரோடு தனியாகப் பேசி வள்ளம் ஏறுவது புத்தியான வேலையல்ல. எல்லைக்கோட்டை எங்கே தாண்டினீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. ரோந்துப் படகுக்குத் தெரியும். தீடைகளைச் சூழ்ந்த பகுதி வனசீவராசிகள் திணைக்களத்தின் கீழுள்ள தேசிய பூங்கா. அனுமதி பெற்ற படகு ஓடுகிறதா என்று கேட்டு, ஓடினால் மட்டும் போங்கள். பெப்ரவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை இரண்டு பக்கக் கடலும் ஓரளவு அடங்கியிருக்கும்.

இந்த மணல் வெறும் காட்சிப்பொருளும் அல்ல. போர்க்காலத்தில் பேசாலையிலிருந்தும் தலைமன்னாரிலிருந்தும் போன வள்ளங்கள் பல, ஆட்களை இங்கே இறக்கிவிட்டுத் திரும்பின. 2022 மார்ச்சில், பொருளாதாரம் விழுந்து அரிசியும் பால்மாவும் எட்டாத விலைக்குப் போனபோது, கைக்குழந்தையோடு புறப்பட்டவர்களை இந்தியக் கரையோரக் காவற்படை அரிச்சல்முனைக்கு அருகிலுள்ள திட்டொன்றிலிருந்துதான் மீட்டது. தண்ணீர் இல்லாத மணலில் இறக்கிவிட்டுப் போவதன் காரணம் எளிது: ஓட்டி எல்லைக்கோட்டைத் தாண்டாமல் திரும்பவேண்டும்.

எல்லையின் இன்றைய வடிவத்தைப் பார்க்க தலைமன்னார் கிராமத்தில் மீனவர் குடில்களான வாடிகளுக்குப் போங்கள். இந்திய இழுவைமடிப் படகுகள் கடலடியை வாரிக்கொண்டு போகும்போது, இங்கே படுத்துக் கிடக்கிற நண்டுவலையும் சேர்ந்து போகிறது. இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. அப்பக்கத்துப் படகை அது தடுக்கவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் இங்கே வலை தைரியமாக இறங்கும். எந்தக் கரைக்குப் போவது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு: தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கும், வாடையில் மறுபக்கம். வாடிகளும் அதற்கேற்பக் கரை மாறும், ஆகவே போன வருடம் பார்த்த வாடி இந்த மாதம் அங்கே இராது. தென்கரை மணற்பாதையில் வாகனம் புதைவது வழக்கம். சில்லுக் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டுப் போங்கள், புதைந்தால் அக்சிலேற்றரை மிதிக்காதீர்கள், பனையோலையை அடியில் போட்டு மெதுவாக எடுங்கள்.

திரும்பும் வழியில் தென்கரை முழுக்க காற்றாலைகள். 2020 டிசம்பரில் தொடங்கிய இந்த முதற்கட்டத்தில் 30 கோபுரங்கள். மழைநீர் வடிகிற வழி அடைபடுகிறது, மீன் விலகுகிறது என்ற ஊர்மக்களின் முறைப்பாட்டையும், வலசைப் பறவைகளின் பாதை இது என்பதையும் கேட்டுக்கொண்டு பார்த்தால்தான் படம் முழுமையாகும்.

பேசாலையில் மத்தியானச் சாப்பாட்டுக்கு நிற்கலாம், மீன் அன்றைக்குப் பிடித்ததாக இருக்கும். 1990களில் அகதிகளுக்கான ஐ.நா.வின் நிவாரண நிலையம் மடுவிலும் இங்கேயும் இயங்கியது. அடுத்து எருக்கலம்பிட்டி. 1990 ஒக்டோபர் இறுதியில், விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, தீவின் முஸ்லிம் மக்கள் கடல்வழியாகக் கற்பிட்டிக்குப் போக நேர்ந்தது. திரும்பி வந்த குடும்பங்களின் புதுவீடுகளும் பாழ்வளவுகளும் இன்றைக்கும் அருகருகே இருக்கின்றன. தமிழர் எழுதுகிற மன்னார்க் குறிப்புகளில் இந்த ஊரைத் தாண்டிப் போய்விடும் பழக்கம் நல்லதல்ல.

தோட்டவெளியில் வேதசாட்சிகளின் ஆலயம். 1544இல் கத்தோலிக்கம் தழுவிய ஏறக்குறைய 600 பேரை யாழ்ப்பாண அரசன் சங்கிலி கொல்வித்தான். மதக்கோபம் மட்டும் காரணமென்று சொல்லிவிடமுடியாது. முத்துக்குளிக்கும் கரையில் ஞானஸ்நானம் பெற்றவர் போர்த்துக்கேயரின் ஆளாகிவிடுவார் என்ற அச்சம் அரசனுக்கு இருந்தது. அந்த அச்சம் பொய்க்கவில்லை: 1560இல் போர்த்துக்கேய வைஸ்ராய் பிரகன்சா மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டினான்.

கோட்டை முனையில் இல்லாமல் பெருநிலத்தைப் பார்த்த பக்கம் இருப்பது ஏன் என்பதை அதன் மதில்மேல் நின்றால் காணலாம். தீடைகளால் அடைபட்ட இந்தக் கடலில் தோணிகளுக்கு இருந்த வழி இரண்டு: பாம்பன் வாய்க்கால் ஒன்று, கோட்டைக்குக் கீழே ஓடுகிற இந்த வாய்க்கால் மற்றது. இதைப் பிடித்தவனுக்குத் தீர்வை. 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, 1696இல் திருத்திக் கட்டியதுதான் இப்போது நிற்கும் நாற்கோணக் கோட்டை. 1795இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. மதில் விளிம்பில் கைப்பிடிச்சுவர் இல்லாத இடங்களில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளிமுனைப் பெருக்கமரத்துக்குப் பத்து நிமிடம் போதும். உயரம் 7.5 மீற்றர்தான், சுற்றளவோ 19.5 மீற்றர். ஆபிரிக்காவில் பிறந்த மரம்; அராபிய வணிகர் கொண்டுவந்தார்கள் என்பது ஊர்வழக்கு.

அந்த வணிகர்கள் எங்கே வந்தார்கள் என்று கேட்டால் தாம்போதியைத் திரும்பக் கடக்கவேண்டும். பெருநிலத்தில், திருக்கேதீச்சரத்தைச் சுற்றியுள்ள மேட்டுநிலம்தான் மாந்தைத் துறைமுகம். 1980 முதல் 1984 வரை அங்கே நடந்த அகழ்வில் சீனத்துப் பீங்கானும் பாரசீகத்து மட்பாண்டமும் கிடைத்தன. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தார்கள், கற்கள் மன்னார்க் கோட்டைக்குப் போயின என்று சொல்வார்கள். 1872இல் ஆறுமுக நாவலர் எழுப்பிய குரலுக்குப் பிறகே இடத்தைத் தேடிப் பிடித்து மறுபடி கட்டினார்கள். மத்தியானம் நடை சாத்தியிருக்கும். காலையில் முனைக்குப் போனவர்கள் நாலு மணிக்குப் பிறகு இங்கே வந்தால், பாலாவித் தீர்த்தத்தில் கால் கழுவிக் கும்பிட்டுவிட்டு, இருட்டுமுன் வன்னி வீதியைப் பிடிக்கலாம். முருங்கன் தாண்டினால் மாடுகள் தெருவில் படுத்திருக்கும், வேகத்தைக் குறையுங்கள்.