ஈ.ஜி.ஆர். வால்வை அடைக்காமல் எஃப்.சி. முடித்த கதை

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரிலிருந்து கேரளத்துக்கு மீன் ஏற்றும் என் லாரி 2017 இறுதியில் வாங்கியது, பி.எஸ்.4 என்ற மாசு விதிப்படி வந்த வகை. எட்டு ஆண்டு தாண்டிவிட்டதால் இனி ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும். அதற்கு முன்பே ஏற்றத்தில் இழுவை குறைந்து, கரும்புகை தள்ளி, எச்சரிக்கை விளக்கும் எரியத் தொடங்கியிருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது எங்களுக்கும் லோடு குறைவு. பட்டறை வேலைக்கு அதை விட்டால் நேரம் கிடைக்காது.

முதலில் பார்த்த மெக்கானிக் எதையும் கழற்றாமலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். “அண்ணே, ஈ.ஜி.ஆர். வழியில் ஒரு தகடு வைத்து அடைத்துவிடலாம். கன்வெர்ட்டரையும் எடுத்துவிட்டு நேர்க்குழாய் போட்டுவிடலாம். டீசல் வண்டிக்குப் புகையின் அடர்த்தியை மட்டும்தான் பார்க்கிறார்கள். யாருக்குத் தெரியப்போகிறது?” ஈ.ஜி.ஆர். என்பது எரிந்த புகையை எஞ்சினுக்குத் திருப்பும் வழி. கன்வெர்ட்டர் என்பது புகைக்குழாயில் நச்சைக் குறைக்கும் பகுதி. கன்வெர்ட்டருக்குள் பிளாட்டினம் இருப்பதால் பழைய இரும்புக் கடையில் அதற்கு நல்ல விலை உண்டு. அதை மட்டும் அவர் சொல்லவில்லை.

அவர் பேச்சில் பாதி உண்மை. புகைப் பரிசோதனையில் நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை. ஈ.ஜி.ஆர். இருப்பதே அதைக் குறைக்கத்தான்: எரிந்த புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் விட்டு, எரியும்போது எழும் வெப்பத்தைத் தணிக்கிறது. வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டால் காற்று போதாமல் கரும்புகை வரும். தகடு வைத்தால் அந்தப் புகை அடங்கும், சரி. கண்ணுக்குத் தெரியாத நச்சு கூடும். எஞ்சினுக்குள் போகும் காற்றின் அளவு கணக்கோடு ஒத்துப்போகாமல் எச்சரிக்கை விளக்கும் மறுபடி எரியும். மாசு விதியை மீறிச் சிக்கினால் 10,000 ரூபாய் வரை அபராதம் வேறு.

ராமநாதபுரத்தில் வேறொரு பட்டறைக்குப் போனேன். அங்கே கோளாறைக் காட்டும் ஸ்கேனரைப் பொருத்திப் பார்த்துவிட்டுத்தான் பேசினார்கள். வால்வின் கனெக்டரைப் பிரித்தால் பின்களில் பச்சைக் களிம்பு. கடற்காற்றின் வேலை. வால்வுக்குள் எண்ணெயும் கரியும் சேர்ந்து தார் போல இறுகியிருந்தது. கரியைச் சுரண்டி, கிளீனர் அடித்துப் பார்த்தார்கள். தண்டே தேய்ந்திருந்ததால் பயனில்லை. மதுரையிலிருந்து புது வால்வு வந்தது. விலை கடித்தது. கூடவே கனெக்டர், கேஸ்கட்டுகள். காற்று உள்ளே போகும் குழாயையும் கழற்றிக் கழுவினார்கள். அதை விட்டுவிட்டுப் புது வால்வு மட்டும் போடுவது வீண் செலவு என்பது என் எண்ணம். கடைசியில் ஸ்கேனரில் புது வால்வின் அளவைப் பதிவு செய்தார்கள்.

கன்வெர்ட்டரின் உள்பகுதி நன்றாகவே இருந்தது. கெட்டது அதை இணைக்கும் ஃபிளேஞ்சும் (போல்ட் போடும் வளையம்) குழாயும்தான். மீன் பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர் நேராக அதன்மேல் விழுந்து அரித்திருந்தது. கேஸ் வைத்துச் சூடாக்கியும் போல்ட்டுகள் முறிந்தன. வெட்டி எடுத்துப் புது ஃபிளேஞ்ச் வைத்து வெல்டிங் செய்தோம்.

பி.எஸ்.4 டீசல் வண்டிக்குப் புகை அடர்த்தியின் வரம்பு 1.62. என் லாரி அதற்கு வெகு கீழே நின்றது. எஃப்.சி.யும் சிக்கலில்லாமல் முடிந்தது.

இப்போது பெட்டியின் வடிகாலில் ரப்பர் குழாய் மாட்டி, தண்ணீர் சைலன்சர் மேல் படாதபடி திருப்பியிருக்கிறேன். அடிச்சட்டத்தை எங்கள் வீட்டுப் போர்த் தண்ணீரில் கழுவினால் அதுவும் உப்பு. அதனால் கேரளத்தில் லோடு இறக்கியதும் அங்கேயே கழுவிவிட்டு வரும்படி டிரைவரிடம் சொல்லியிருக்கிறேன். அதற்குத் தனிப் படி கேட்கிறார்.